அம்பு வரையும் முன்

எமக்கு வரும் நிறை நிறமாலையியல் கட்டுரைகளில் துண்டாக்க வரைபடம் இல்லாதது அபூர்வம். நடுவில் மூலக்கூறு, சுற்றிலும் அம்புகள், ஒவ்வொரு அம்பின் முனையிலும் ஒரு நிறை. கழித்தல் கணக்கில் பிழை இருக்காது. எந்தச் சோதனையைக் கொண்டு அந்த அம்பு வரையப்பட்டது என்ற விவரம்தான் இருக்காது.

ரெசர்பைனை எடுத்துக்கொள்வோம். சர்ப்பகந்தா வேரின் இந்த ஆல்கலாய்டைக் கருவியின் உணர்திறன் பார்க்க எத்தனையோ முறை செலுத்தியிருப்போம்; பழகிவிட்டதாலேயே அதன் நிறமாலையை யாரும் நின்று பார்ப்பதில்லை. புரோட்டான் ஏற்ற அயனி 609. அயனிப் பொறியில் உடைத்தால் 397, 448 இரண்டும் தூக்கலாகத் தெரியும். டிரைமீதாக்ஸிபென்சாயிக் அமிலம், அதாவது 212, வெளியேறினால் எஞ்சுவது 397. இண்டோல் பக்கத்திலிருந்து 161 கழன்றால் 448. இவற்றோடு 236இல் ஒரு முகடு. 448இலிருந்து 212 போனாலும் 236 வரும், 397இலிருந்து 161 போனாலும் 236 வரும். காகிதத்தில் இரண்டு வழிகளும் சமம்.

பொறியில் இதைத் தீர்ப்பது எளிது. 448ஐ மட்டும் தனித்து நிறுத்தி உடைக்க வேண்டும், பிறகு 397ஐ. ஒத்ததிர்வுக் கிளர்ச்சி தேர்ந்தெடுத்த அயனியை மட்டுமே சூடேற்றுகிறது. பிறந்த துண்டு ஒத்ததிர்விலிருந்து விலகி, ஹீலியத்தில் மோதிக் குளிர்ந்து, அடுத்த படிக்காகக் காத்திருக்கிறது. மாறாக, மோதல் கலம் கொண்ட கருவிகளில் துண்டுகள் மீண்டும் மோதி உடைவதால் தாய் யார், பேத்தி யார் என்று பிரித்தறிவது கடினம். பொறி வைத்திருப்பவர், துண்டையே தனித்து நிறுத்தி மீண்டும் உடைக்கும் மூன்றாம் படிக்குப் போகாமல் வம்சாவளி எழுதுவதை எம்மால் ஏற்க இயலவில்லை.

பொறிக்கும் குறைகள் உண்டு. பொறியில் அயனியின் நிலைப்பைக் குறிக்கும் க்யூ அளவுருவின் வழக்கமான 0.25 மதிப்பில் கிளர்த்தினால், நிலைப்பு எல்லை 0.908 என்பதால், மூல அயனியின் நிறையில் சுமார் 27.5 சதவீதத்துக்குக் கீழுள்ள துண்டுகள் பொறியில் தங்கா. 609க்கு அந்த எல்லை ஏறத்தாழ 168. ரெசர்பைனின் 174 மயிரிழையில் தப்புகிறது. மூல அயனி 700 ஆக இருந்தால் அதே 174 உருவானாலும் பதிவாகாது. க்யூவைக் குறைத்து எல்லையை இறக்கலாம்; ஆனால் அயனியைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குழி ஆழம் குறைந்து, உடைவதற்கு முன்பே அயனி தப்பிவிடும். ஆகவே தாழ்நிறைப் பகுதி வெறுமையாக இருப்பதை வைத்து ஓர் அமைப்பை மறுக்கும் வாதம் நிற்காது.

பொறிக்குள் எஞ்சியிருக்கும் நீராவி இன்னொரு தொல்லை. பென்சாயில் அயனி 105 ஒரு நீர் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு 123 ஆகிவிடும். அதை நேரடித் துண்டாகக் கருதி அம்பு வரைந்தவர்கள் உண்டு.

கட்டுரை அனுப்புவோர் க்யூ மதிப்பு, கிளர்ச்சி நேரம், தனிமைப்படுத்திய அகலம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். ஆற்றல் ‘35 சதவீதம்’ என்று மட்டும் எழுதினால், எதில் 35 என்று கேட்போம். மூன்றாம் படி நிறமாலை உள்ள அம்புகளை முழுக்கோட்டிலும் மற்றவற்றைப் புள்ளிக்கோட்டிலும் வரைந்து அனுப்புங்கள்.