முதல் போட்டிக்குப் போறீங்களா? முதலில் சாப்பிடுங்க

செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, அத்தை மகள் கல்யாணம் என்று இரண்டு மாதமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போன தடவை மழையைப் பற்றி எழுதினேன். அன்றிலிருந்து மழை இல்லை. அதனால் இந்தத் தடவை வேறு விஷயம்.

எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அடுத்த மாதம் மாவட்ட அளவிலான பவர்லிஃப்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் போட்டி. அதில் ஒருத்தி போன வாரத்திலிருந்து ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து எங்களுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏன்டி என்று கேட்டால் "57-க்கு இறங்கணும்" என்கிறாள். இப்போது 59 சொச்சம். நேரில் சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எழுதினால் படிப்பாள், அதனால்தான் இது.

பவர்லிஃப்டிங் என்றால் நிறைய பேர் பளுதூக்குதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அது பளுதூக்குதல். தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஒலிம்பிக்கில் உண்டு. நாங்கள் செய்வது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று மூன்று. தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது, தரையிலிருந்து இடுப்புயரத்துக்குத் தூக்கி நிமிர்ந்து நிற்பது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, ஆக ஒன்பது. ஒவ்வொன்றிலும் சிறந்ததைக் கூட்டினால் உங்கள் மொத்தம். ஒலிம்பிக்கில் கிடையாது. எங்கள் மாமா "அப்ப எதுக்கு?" என்று கேட்டார். அவர் தினம் சீட்டு விளையாடுகிறார், அதுவும் ஒலிம்பிக்கில் கிடையாது.

இனி என் கதை. போன வருடம் என் முதல் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் என் எடை 64.1 கிலோ. பெண்களுக்கான பிரிவுகள் 47, 52, 57, 63, 69, 76, 84, அதற்கு மேல் என்று போகும் (சின்னப் பெண்களுக்கு 43-ம் உண்டு). 64.1 என்றால் நான் 69 கிலோ பிரிவு. ஜிம்முக்கு வரும் ஒரு அண்ணன், "69-ல பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க, ஒரு கிலோதானே, 63-க்கு இறங்கிடு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் இறங்கினேன். பத்து நாள் சோறு பாதி. கடைசி இரண்டு நாள் தண்ணீரும் பாதி. கடைசி ராத்திரி தண்ணீரே இல்லை. திண்டுக்கல் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தராசில் 62.7 வந்தது. அங்கேயே ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தேன். அதுதான் அன்றைக்கு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு.

ஸ்குவாட். முதல் வாய்ப்பு 80 கிலோ. மூன்று சிவப்பு விளக்கு. ஆழம் போதவில்லை. இரண்டாவது தடவை ஆழம் போனேன், பாதியில் கால் நடுங்கி எழ முடியவில்லை. மூன்றாவது தடவை எழுந்தேவிட்டேன். ஆனால் "ரேக்" என்று நடுவர் சொல்வதற்கு முன்னால் காலை முன்னே வைத்துவிட்டேன். காது அடைத்துப்போய் எதுவும் கேட்கவில்லை. மூன்று வாய்ப்பும் போனால் மொத்தம் கிடையாது. ஆங்கிலத்தில் இதை பாம்ப் அவுட் என்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். பிறகு பட்டியலைப் பார்த்தால் 63 கிலோவில் நாலு பேர், நான் பயந்து ஓடிவந்த 69 கிலோவில் இரண்டே பேர். நான் அங்கேயே இருந்து காலி பாரைத் தூக்கியிருந்தால்கூட வெண்கலம்!

வெண்கலம் போனது பெரிய விஷயமில்லை. எட்டு மாதம் காலையில் 5 மணிக்கு எழுந்து பழகியதை ஒரு தடவைகூடச் சரியாகக் காட்ட முடியாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பவர்லிஃப்டிங்கில் எடை பார்ப்பது போட்டி தொடங்க 2 மணி நேரத்துக்கு முன்னால்தான் ஆரம்பிக்கும், ஒன்றரை மணி நேரம் நடக்கும். வரிசையில் கடைசி ஆள் என்றால் உங்களுக்கு மிச்சம் அரை மணி நேரம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். அவர்கள் தண்ணீரை வற்றவைத்தால் மறுபடி ஏற்ற ஒரு ராத்திரி இருக்கிறது. நமக்கு எங்கே இருக்கிறது? உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும், இதயம் வேகமாக அடிக்கும், தலை சுற்றும். அந்த நிலையில் தோளில் 80 கிலோவை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

என் அப்பா நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி விற்கிறவர். நான் தோற்று வந்த அன்று ராத்திரி ஒன்றுதான் சொன்னார்: "மழையில நனைஞ்ச பூ நிறுத்தா எடை கூடத்தான் காட்டும், அந்த ஈரத்துக்கு எவனும் காசு தரமாட்டான். நீ ஈரத்தை எடுக்கிறேன்னு பூவையே வாட வச்சிட்ட தாயி." எங்களுக்குச் சோறு போடுகிற தொழிலே எடை போடுகிற தொழில். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

பெரிய பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். வினேஷ் போகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வழக்கமாக 53 கிலோவில் மோதியவர், 2024 பாரீஸ் ஒலிம்பிக்குக்காக 50-க்கு இறங்கினார். ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்தார். மறுநாள், ஆகஸ்ட் 7 காலையில், 100 கிராம் அதிகம். பதக்கமே இல்லை. 100 கிராம் என்பது அப்பா கையால் அள்ளிப் போடும் ஒரு பிடி பூ. இன்னும் மோசமான கதை 1997-ல் அமெரிக்காவில் நடந்தது. எடை குறைக்கிறேன் என்று ரப்பர் உடை போட்டுக்கொண்டு, சூடான அறையில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து, சுமார் ஒரு மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே அந்த முறைகளுக்குத் தடை போட்டு விதியை மாற்றினார்கள். நம் வயசுப் பையன்கள்.

எடையே குறைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். உலகப் போட்டிக்குப் போகிறவர், பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கிறார், பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறார், அரைக் கிலோவில் சாதனை இருக்கிறது என்றால் அது அவர் பாடு. மொத்தம் சமமாக வந்தால் உடல் எடை குறைந்தவருக்குத்தான் முதலிடம் என்பதும் விதியில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் போட்டிக்குப் போகிறவளுக்கு எந்தச் சாதனை காத்துக்கொண்டிருக்கிறது? எடைப் பிரிவு வைத்ததே ஒல்லியானவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்றுதான். அதற்குள் நுழைய உடம்பை நோகடித்தால் அப்புறம் அந்தப் பிரிவு யாருக்கு?

நம் ஊர் இளவட்டக்கல்லைப் பாருங்கள். பிடி கிடையாது, வழவழப்பான உருண்டைக் கல். மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் இன்றும் பொங்கல் சமயத்தில் போட்டி வைக்கிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். அந்தக் கல் யாரையும் "நீ எத்தனை கிலோ?" என்று கேட்டதில்லை. 2024-ல் கோவையில் நடந்த ஒரு போட்டியில் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிட்டம்மாள் பாட்டி, 82 வயதில், 50 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். பேரன்களைப் பார்த்து ஜிம்முக்குப் போக ஆரம்பித்தவர். பட்டினி கிடந்து தூக்கியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

அந்தப் பாட்டியின் படத்தைத்தான் எங்கள் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு வேறு பயம். "பொம்பளப் புள்ள வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அம்மாவின் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் :-) படத்தைப் பார்த்துவிட்டு, "கெழவி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நிக்குது பாரு" என்று சிரித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பையன்களும் கவனிக்கவும். சில ஜிம்களில் மெஃபென்டெர்மைன் ஊசி சுற்றுகிறது. ரத்த அழுத்தம் இறங்கிப்போன நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து அது. போட்டி நாளில் அது தடை செய்யப்பட்ட பொருள். ஊக்கமருந்துக்காக நாடா தண்டித்தவர்கள் பட்டியலில் பவர்லிஃப்டிங்காரர்கள் குறைவில்லாமல் இருக்கிறார்கள். "ஒரு நாளைக்குத்தான்" என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது என்றால், தராசை உடம்பிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டுகள் பக்கம் திருப்புங்கள். நாங்கள் பழகும் பழைய இரும்புத் தட்டுகளை அப்பாவின் மின்தராசில் வைத்துப் பார்த்தோம். 20 என்று எழுதியிருந்தது 18.6 காட்டியது. பார் 20 என்று நினைத்தோம், 17 கூட இல்லை. அதாவது நான் 85 தூக்கினேன் என்று ஊர் முழுக்கச் சொன்னதெல்லாம் பொய்! போட்டியில் பார் 20, இரண்டு பக்கப் பூட்டும் சேர்ந்து 5, ஆக வெறும் பாரே 25 கிலோ, எல்லாம் சரியான எடை. இது தெரிந்திருந்தால் 80-ல் ஆரம்பித்திருக்கவே மாட்டேன்.

அடுத்து ஆழம். இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே போக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் எப்போதும் போன மாதிரிதான் தெரியும். பக்கவாட்டில் யாரையாவது மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மனசு உடையும், பரவாயில்லை. தோழியை நடுவராக நிறுத்தி "ஸ்குவாட்", "ரேக்", "பிரஸ்", "டவுன்" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள். முதல் வாய்ப்புக்கு, காய்ச்சல் வந்து எழுந்த மறுநாளும் மூன்று தடவை தூக்க முடிகிற எடையைக் கொடுங்கள். ஒருமுறை கொடுத்த எடையை அடுத்த வாய்ப்பில் குறைக்க முடியாது, ஏற்றத்தான் முடியும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன், 65.3 கிலோவில், 69 பிரிவில். காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஸ்குவாட் 65-ல் ஆரம்பித்தேன். ஒன்பதில் எட்டு வெள்ளை. மூன்றாவது இடம், மூன்று பேரில். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது சின்னப்பிள்ளை மாதிரி எல்லோரிடமும் பேசிக்கொண்டு வந்தேன்.

ஏய் வெள்ளரிக்காய், இதைப் படித்துவிட்டாய் அல்லவா? 63 கிலோ பிரிவில் பெயர் மாற்றிக்கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, நேற்று விசாரித்துவிட்டேன். போட்டி அன்று நானும் கூட வருகிறேன். எடை பார்த்து முடித்ததும் சாப்பிட ஒரு சீப்பு சிறுமலைப் பழம் என் செலவு. முடிந்தபிறகு பிரியாணி உன் செலவு.