முள்ளை முள்ளால் எடுப்பது

கந்தகம் இல்லாவிட்டால் தீபாவளிக்குப் பட்டாஸ் இல்லை. சிரங்குக்குக் களிம்பும் இல்லை. ஆனால் அதே கந்தகம் டீஸல் எண்ணெயில் கலந்திருந்து எரியும்போது, நம் குழந்தைகளின் மார்பை அடைக்கும் நச்சுப் புகையாகிறது. வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளையும் அது கெடுத்துவிடுகிறது.

பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே பிணைந்திருப்பதால், வடிகட்டி நீக்க இயலாது. ரஸாயன சாஸ்திரிகள் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. கந்தகத்தை நீக்க அவர்கள் கையாளும் பொருளே ஒரு கந்தகச் சேர்க்கைதான்! மாலிப்டினம் ஸல்பைடு என்பது அதன் பெயர்.

இது கனிமமாகவே கிடைக்கிறது. பென்ஸில் கரியைப் போலத் தோன்றும் இதை வேறொரு பொருள் என்று 1778-ம் வருஷத்தில் பிரித்தறிந்தவர் ஸ்வீடன் தேசத்து ஷீலே. அப்படியானால் கனிமத்தையே அரைத்துப் போடலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். போடலாம், பலன் சொற்பம். காக்காய்ப்பொன்னைப் போல ஏடு ஏடாக அமைந்த வஸ்து இது. ஏட்டின் அகன்ற முகம் சோம்பேறி, வேலையெல்லாம் ஓரத்தில்தான். ஆகையால் ஓரங்கள் மிகும்படி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணேடுகளாக அதைப் புதிதாக ஆக்கவேண்டியிருக்கிறது.

முதலில் கனிமத்தைக் காற்றில் வறுத்து, அதிலுள்ள கந்தகத்தைப் போக்குகிறார்கள். பிறகு கிடைக்கும் மாலிப்டினம் உப்பையும், சிறிது கோபால்ட் உப்பையும் நீரில் கரைத்து, நுண்துளைகள் நிறைந்த அலுமினா மணிகளை அதில் ஊறவைத்து, உலர்த்திச் சூடேற்றுகிறார்கள். இறுதியில் சுமார் 350 டிகிரி உஷ்ணத்தில், ஹைட்ரஜனையும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடையும் செலுத்துகிறார்கள். போன கந்தகம் திரும்பிவந்து குடியேற, துளைகளின் சுவரெங்கும் நுண்ணேடுகள் உண்டாகின்றன.

இம்மணிகளினூடே எண்ணெயும் ஹைட்ரஜனும் மிகுந்த அழுத்தத்தோடு செல்லும்போது, ஏட்டின் ஓரத்துக் காலியிடத்தில் எண்ணெயின் கந்தகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் அதைக் கவர்ந்து செல்கிறது. இடம் மறுபடி காலியாகிறது. அவ்வாறு பிரிந்த கந்தகத்தையும் வீணாக்காமல் மீட்டு, உரத் தொழிலுக்கு வேண்டிய கந்தகத் திராவகம் செய்கிறார்கள்.

நம் தேசம் முழுவதிலும் 2017-ல் பத்து லக்ஷம் பங்கு டீஸலில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம் என்றிருந்த விதி, 2020 ஏப்ரல் 1 முதல் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த நுண்ணேடுகள் இல்லாமல் அவ்விதியை நிறைவேற்றியிருக்க முடியாது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. நமக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. கந்தகம் மிகுந்த எண்ணெய் விலை மலிவு. அதைச் சுத்தம் செய்யும் வித்தை நம்மிடம் இருந்தால் தேசத்தின் செல்வமும் மிஞ்சும். 1972-ல் பரீதாபாத்தில் தொடங்கிய இந்தியன் ஆயில் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கிரியா ஊக்கிகளை ஆக்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. முள்ளை எடுக்கும் முள்ளையும் பிறரிடம் கடன் வாங்கும் நிலை நமக்கு வேண்டாம்.