சாவித்திரியின் சிகரம்

சாவித்திரி என்றவுடன் ‘பாசமலர்’ (1961) ராதாவின் கண்ணீரையே சிலாகிப்பது நம் தீவகத்துப் பெரியோரின் வழக்கம். ஆயினும், நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து படம் பார்த்துத் திரும்பிய அந்தத் தலைமுறை, ஊர்காவற்றுறைக் கூத்துகளில் ஆண்கள் பெண்வேஷம் கட்டி ஆடக் கண்டு பழகியதாதலின், ‘மாயா பஜார்’ (1957) படத்தில் வத்சலாவின் ரூபமெடுத்த கடோத்கஜனாக அவர் மார்பை நிமிர்த்தி நடந்து, மணவறையில் மாப்பிள்ளையின் பாதத்தை ஓங்கி மிதிக்கும் விசித்திர சௌந்தரியத்தை, அதாவது பெண்ணுடலுக்குள் ஓர் அரக்க வீரன் குடியிருப்பதை, வேறெவரையும்விட நுட்பமாக ரசித்திருக்க வேண்டும். ‘நவராத்திரி’யில் (1964) சிவாஜி கணேசனின் ஒன்பது வேஷங்களுக்கும் ஈடுகொடுத்து, பைத்தியமாகப் பாசாங்கு செய்தபோது அவர் காட்டிய சாதுரியமும் அபூர்வமே. எனினும், அவரது நடிப்பின் சிகரம் அந்த மாய வத்சலாவே என்பது என் திடமான அபிப்பிராயம்.