துண்டுக்குள் பேசிய விலையும் தேடுபொறியின் சந்தேகமும்

துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக் கூடாது, அவ்வளவுதான். அதைத் திருட்டு வியாபாரம் என்று எவரும் சொன்னதில்லை. எங்கே கொள்முதல், என்ன விலை என்று போர்டு எழுதி மாட்டும் வியாபாரி ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை.

இன்று நாம் பாதி விசாரணையை இணையத்தில்தான் செய்கிறோம். அங்கே கேட்டவர் யார், கேட்டது என்ன என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. ராஜபாளையத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு நாள் பேக்கிங் மெஷின் தேடினார். பிறகு ஒரு மாதம், எதைத் திறந்தாலும் அதே விளம்பரம். வெறுத்துப்போய், மகனிடம் சொல்லி 'டோர்' உலாவியைப் போட்டுக்கொண்டார்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் தொடங்கிய முறை இது. நாம் கேட்பது மூன்று கணினிகள் வழியாகக் கைமாறிப் போகிறது. எதிர்முனைக்குத் தெரிவது கடைசிக் கணினியின் முகவரி மட்டுமே. தரகர் மூலம் சரக்கு கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தேடுபொறி அவரை உள்ளே விடவில்லை. வழக்கத்துக்கு மாறான போக்குவரத்து என்று ஓர் அறிவிப்பு. சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொட்டுக் காட்டு என்று ஒரு சோதனை. மூன்று முறை காட்டியும் கதவு திறக்கவில்லை. "நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனை, நீ மனுஷன்தானா என்று கேட்கிறதே!" என்றார் நம்மிடம்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கடைசி முகவரியில் ஏராளமானோர் வெளியே வருகிறார்கள். அவர்களுக்குள் ஓயாமல் கேள்வி அனுப்பித் தகவலை அள்ளும் தானியங்கி நிரல்களும் உண்டு. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பஸ்ஸில் வந்த ஒருவன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்பதற்காக, அந்த பஸ்ஸில் வரும் எவருக்கும் சரக்கு இல்லை என்போமா? டோர் நமக்கு எதற்கு என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: செல்போன் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே முகவரியில் அனுப்புவதால், அவர்களுக்கும் இதே சோதனை வருவதுண்டு.

அரசின் பார்வையும் இதே திசையில்தான். முகவரியை மறைத்துத் தரும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம் முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ப்ஷார்க், நார்ட்வி.பி.என். ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. குற்றத்தைத் துப்பறிவதற்கு நாம் எதிரியல்ல. நாமும் கணக்கு வைக்கிறோம், அதிகாரி கேட்டால் காட்டுகிறோம். ஆனால் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவரின் பெயரை எந்தப் பேரேட்டில் எழுதுகிறோம்?

தேடுபொறிகள் அளவு மீறிக் கேட்பவரைத் தடுக்கட்டும். வந்த வழியை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். டக்டக்கோ தேடுபொறி டோர் வழியாக வருவோருக்கென்றே தனி முகவரி வைத்திருக்கிறது. ஒருவரால் முடிவது மற்றவர்களால் முடியாதா?

நம் உறுப்பினர் இப்போது அதில்தான் தேடுகிறார். வங்கிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் பழைய உலாவியே போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். பெயரைச் சொல்லித்தானே அங்கே நுழைகிறோம்.