சிறகு வேண்டாம், மணிக்கணக்கு கொடுங்கள்

மார்ச் 8 நெருங்கினால் கல்லூரி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் ஏறிவிடும். அதில் முகம் தெரியாத ஒரு பெண், முதுகில் இரண்டு சிறகு, எதிரே ஆரஞ்சு நிற வானம். மேடைக்கு வருகிற சிறப்பு விருந்தினர் ‘பெண்ணே, உன் சிறகை விரி’ என்பார். கவியரங்கத்தில் பத்துக் கவிதைகளில் ஆறில் கூண்டு இருக்கும், மீதி நான்கில் வானம் இருக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் மாணவிகள் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் கவிதை எழுதுகிறவள், தமிழ் கற்பிக்கிறவள். உவமைகளோடு புழங்குவதே என் தொழில். அதனால்தான் இந்த ஓர் உவமையைக் கண்டால் கோபம் வருகிறது. சிறகு பிறவியிலேயே உடம்பில் இருப்பது. பறவை அதற்குக் கட்டணம் கட்டுவதில்லை, விடுப்பு எழுதிக் கொடுப்பதில்லை, யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ‘சிறகை விரி’ என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவளிடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, விரிக்காதது மட்டுமே அவள் குறை என்றாகிறது. பணம் தர வேண்டியவர், நேரம் தர வேண்டியவர், வழிவிட வேண்டியவர் எல்லோரும் ஒரே வரியில் தப்பித்துக்கொள்கிறார்கள். பாராட்டுப் போல ஒலிக்கிற குற்றச்சாட்டு இது.

நிஜமாகவே காற்றில் பறக்கிற பெண்கள் எப்படிப் பறக்கிறார்கள் என்று பார்த்தால் இந்த உவமை எவ்வளவு பொய் என்பது விளங்கும்.

ஸ்கைடைவிங் என்றால் விமானத்திலிருந்து குதிப்பது. விமானமும் பாராசூட்டும் இல்லாமல் கட்டடத்துக்குள்ளேயே அதைப் பழக இப்போது செங்குத்துக் காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன. பெயர்தான் சுரங்கம், நிமிர்த்தி வைத்த ராட்சதக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மின்விசிறிகள். அவை இழுக்கும் காற்று பக்கவாட்டுக் குழாய்களின் வழியே கீழிறங்கி, ஒடுங்கிய வாயில் வேகம் பிடித்து மேலே பாய்கிறது. நடுவில் கண்ணாடிச் சுவர் கொண்ட அறை, அதன் அடியில் கம்பி வலை. காற்று மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் மேலேறும்போது, குப்புறப் படுத்த மனித உடலை அது தாங்கிக்கொள்கிறது. உடல் விழும் வேகமும் காற்று எழும் வேகமும் சமமாவதால் ஆள் அங்கேயே மிதக்கிறார். 1964இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தின் சுரங்கத்தில் முதன்முதலாக மனிதர் ஒருவர் இப்படி மிதந்தார். ராணுவ ஆய்வாக இருந்தது பின்னால் பொழுதுபோக்கானது, அப்புறம் போட்டியும் ஆனது.

காற்றின் இரைச்சலில் உள்ளே பேச முடியாது. பயிற்றுநர் கையால் பேசுவார். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு. அதே விரல்களை மடக்கினால் முழங்காலை மடக்கு. ஒரு விரல் மேலே காட்டினால் முகவாயைத் தூக்கு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி அசைத்தால் உடம்பைத் தளர்த்து. சிறகை விரி என்பதற்கு அங்கே சைகை கிடையாது.

கணக்கையும் பாருங்கள். 13,000 அடியிலிருந்து குதித்தால் பாராசூட்டைத் திறக்கும்வரை கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். சுரங்கத்தில் ஒரு மணி நேரம் என்பது அறுபது குதிப்புக்குச் சமம். அதனால்தான் இன்றைய போட்டியாளர்கள் சுரங்கத்தில் வளர்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அமெரிக்காவில் பல நூறு டாலர் கட்டணம். நம் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளம் அதில் கரைந்துபோகும். பறத்தலை அளக்கும் அலகு மணிக்கணக்கு. அந்த மணிக்கு ஒரு விலை இருக்கிறது.

சிங்கப்பூரின் கைரா போ 2017இல் ஸ்பெயினின் எம்பூரியாபிராவாவில் நடந்த ‘விண்ட் கேம்ஸ்’ போட்டியில் தனிநபர் வேகப் பிரிவிலும் ஃப்ரீஸ்டைல் பிரிவிலும் இரண்டு தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 14. அந்தப் பிரிவுகளில் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்ற பிரிப்பு இல்லை. வளர்ந்த ஆண்களோடு ஒரே காற்றில் போட்டியிட்டு வென்றார். செய்திகள் அவரைப் பறவை என்று எழுதலாம். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. செந்தோசாத் தீவில் புதிதாகத் திறந்த காற்றுச் சுரங்கத்தின் விளம்பரப் பணியில் அவருடைய தாய் இருந்தார். அந்த வழியாக எட்டு வயதில் அவர் உள்ளே போனார். தாய்க்கு ஒரு வேலை இருந்தது, மகளுக்கு ஒரு கதவு திறந்தது, அதன்பின் ஆண்டுக்கணக்கில் பயிற்சி நேரம் கிடைத்தது. வெற்றிக்குக் காரணம் கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்ல வேண்டும்.

காற்றுக்கு ஆண் பெண் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் உடலின் எடையும், அந்த உடல் காற்றுக்குக் காட்டும் பரப்பும்தான். எடை குறைந்தவர் மெதுவாக விழுவார். குழுவாகக் குதிக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து விழுவதற்காக எடை குறைந்த பெண்கள் ஈயம் வைத்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். கொடியிடை, நூலிடை, மின்னலிடை என்று நம் இலக்கியம் தேய்த்துத் தேய்த்து இல்லாமலாக்கிய அதே இடுப்புதான். நிஜத்தில் பறக்கிறவள் அதில் ஈயக்கட்டியைச் சுமக்கிறாள்.

இருந்தும் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் உறுப்பினர்களில் பெண்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர்தான். காற்று ஒதுக்கவில்லையென்றால் ஒதுக்குவது எது? காசு, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், ‘உனக்கெதுக்கு இந்த வேலை’ என்ற கேள்வி. 2022 நவம்பரில் அரிசோனாவின் எலோய் நகருக்கு மேலே 80 பெண்கள் தலைகீழாக விழுந்தபடியே கைகோத்துச் சாதனை படைத்தார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது சட்டத்திருத்தத்தின் நூற்றாண்டான 2020இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. அதற்காகப் பயிற்சி முகாம்களும் தேர்வு முகாம்களும் நடத்தினார்கள். ஒருத்தியை ஒருத்தி திருத்தி, அந்த வட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள். அதற்குப் பெயர் அமைப்பு வேலை.

பறக்கும் பெண்ணை உலகம் எப்படிப் பார்த்தது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. ஜார்ஜியா பிராட்விக் அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணமாகி, பதின்மூன்றில் தாயாகி, பஞ்சாலையில் வேலை செய்தவர். 1908இல், பதினைந்து வயதில், பலூனிலிருந்து குதித்தார். காட்சி நடத்தியவர்கள் அவருக்குக் கொசுவம் வைத்த கவுனும் ரிப்பனும் மாட்டி ‘பொம்மைப் பெண்’ என்று விளம்பரம் செய்தார்கள். 1914இல் சான் டியாகோவில் ராணுவத்துக்குச் செய்துகாட்டியபோது, பாராசூட்டைத் தானாக இழுத்துத் திறக்கும் கயிறு விமானத்தின் வாலில் சிக்கியது. அவர் அந்தக் கயிற்றைக் குறுக வெட்டிவிட்டுக் குதித்து, விழுந்துகொண்டே கையால் இழுத்துத் திறந்தார். விமானிகள் உயிர் பிழைக்கப் பின்னால் பயன்பட்ட முறை அது. பொம்மை என்று விற்கப்பட்டவள் செய்துகாட்டியது.

நூறாண்டு கழித்தும் உடைதான் முன்னால் நிற்கிறது. புனேயின் ஷீத்தல் மகாஜன் 2004இல் வட துருவத்தில் குதித்தவர். அதுதான் அவருடைய முதல் குதிப்பு. 2018இல் தாய்லாந்தின் பட்டாயாவில் மராத்திய ஒன்பது கஜச் சேலையில் குதித்தார். என்ன உடுப்பது என்பது அவர் விருப்பம், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் சண்டை செய்தித் தலைப்புகளோடு. சேலைக்கு மேல் அவர் மாட்டியிருந்த பாராசூட்டைப் பற்றியும் அவர் கையின் பழக்கத்தைப் பற்றியும் கேட்கிற ஆவலைவிட, சேலை பறந்ததா என்று கேட்கிற ஆவலே அவற்றில் அதிகம்.

இங்கேதான் கேமரா வருகிறது. ஸ்கைடைவிங்கில் அது இரண்டு விதமாக இருக்கிறது. முதல்முறை குதிக்கிறவரைப் பயிற்றுநர் தன் உடம்போடு கட்டிக்கொண்டு குதிப்பார்; அவர் மணிக்கட்டில் ஒரு கேமரா, அது வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்திருக்கும். காற்றில் கன்னம் குழிந்து, கண் அகன்று, ‘ஐயோ’ என்று கத்தும் முகம்தான் அங்கே சரக்கு. இன்னொன்று ஹெல்மெட் கேமரா. அது வெளியே பார்க்கிறது. அணிந்திருப்பவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பிடிக்கிறது. அந்தப் படத்தில் அவள் முகமே இருக்காது.

2009இல் கோப்ரோவின் எச்டி ஹீரோ வந்த பிறகு கேமரா தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சுருங்கிவிட்டது, எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்கப் பாராசூட் சங்கம் 200 குதிப்பு முடித்த பிறகே கேமரா மாட்டப் பரிந்துரைக்கிறது. தலையில் துருத்தும் எதிலும் பாராசூட் கயிறு சிக்கலாம். சிக்கினால் ஹெல்மெட்டையே உடனே கழற்றி எறிவதற்கான பிடி அதில் இருக்க வேண்டும். பாராசூட் விரியும் உதறலில் ஹெல்மெட்டின் எடை கழுத்தில் இறங்கும். படத்தில் மூழ்கி உயரத்தை மறந்தால் உயிர் போகும். கைகள் பறப்பதற்கு வேண்டுமென்பதால் ஷட்டரைப் பல்லால் கடித்தோ நாக்கால் அழுத்தியோ இயக்குகிறார்கள். நான்கு பேர் அணிப் போட்டியில் ஐந்தாவதாக ஒரு கேமரா ஆள் உண்டு. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும், பார்க்கிறவளுக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்கிற கருவி அது. பார்க்கப்படுவதற்கு மட்டுமே பழக்கப்பட்ட நமக்கு இது சின்ன விஷயமில்லை.

சிங்கப்பூருக்கு அண்ணன் குடும்பத்தோடு போனபோது ஒரு காற்றுச் சுரங்கத்தின் முன் நின்றோம். ‘நான் போறேன், நீ வெளிய நின்னு வீடியோ எடு’ என்று அண்ணன் அண்ணியிடம் போனை நீட்டினார். ‘எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்க’ என்றார் அண்ணி. உள்ளே போகுமுன் நகையெல்லாம் கழற்ற வேண்டும். அந்தக் காற்றில் கழன்று பறப்பது ஆளையும் அடிக்கும், இயந்திரத்தையும் கெடுக்கும். வளையல், தோடு, கொலுசு கழன்றன. தாலியில் கை நின்றது. ‘அப்போ வேண்டாம் விடு’ என்றார் அண்ணன். அண்ணி கொஞ்சம் யோசித்தார். பிறகு கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். ‘பத்திரமா வச்சிக்க. அவருக்கு ஒண்ணும் ஆகாது, எதிர்லதான நிக்கிறாரு.’

வெளியே வந்ததும் பதிவைத் திரையில் போட்டார்கள். கல்யாண ஆல்பமோ போனில் வந்த போட்டோவோ, எதைப் பார்த்தாலும் ‘குண்டாயிட்டேன்’, ‘கறுத்துட்டேன்’ என்று தொடங்குகிறவர் அண்ணி. அன்று திரைக்கு அருகே போய், ‘இங்க பாரு, இடது முழங்கால் மடங்கியிருக்கு. அதான் சுத்திட்டேன்’ என்றார். தன் உடம்பைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அழகா என்ற கேள்வி இல்லாமல், என்ன செய்கிறது என்ற கேள்வியோடு ஒரு பெண் தன் உடலைப் பார்க்கிறாள். சுரங்கங்களில் பழகுகிறவர்கள் ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் பயிற்றுநரோடு இப்படித்தான் பதிவைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். அதே பதிவை ‘உங்கள் விடுதலைத் தருணம்’ என்று சட்டம் போட்டும் விற்கலாம். இரண்டில் எது நமக்கு வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

‘இது பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு?’ என்று தோழிகள் கேட்பார்கள். பணக்கார விளையாட்டுத்தான். இரண்டு நிமிட மிதப்பை விடுதலை என்று விற்கிற வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருப்பவற்றைப் பட்டியல் போடுங்கள்: விழுந்தால் தாங்குகிற வலை, திரும்பத் திரும்பச் செய்ய நேரம், காலைப் பிடித்துத் திருத்துகிற ஆள், தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட், தவறைப் பார்த்துக்கொள்ள ஒரு பதிவு. நம் பெண்களுக்குக் கிடைக்காதவை இவைதான். கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்பெயினுக்கோ அரிசோனாவுக்கோ போக வேண்டியதில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். சக்கரமும், கடனும், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆளும் இருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே அடுத்த மார்ச் 8க்கு என்னைக் கவிதை வாசிக்க அழைக்கிறவர்களிடம் முதலில் சில கேள்விகள் கேட்பேன். உங்கள் கல்லூரி மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? மாணவிகளுக்கு அது எத்தனை மணிவரை திறந்திருக்கும்? பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து உண்டா? பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, அவருக்கு மாதாமாதம் சம்பளம் போகிறதா? பதில்களை எழுதி அனுப்புங்கள். ஃபிளெக்ஸ் அடிக்க வைத்திருக்கும் தொகையையும் சேர்த்து எழுதுங்கள். கவிதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.