தோற்றதற்கு ஒரு வழக்கு!

வக்கீல் உறங்கினால் நட்டம் யாருக்கு? கட்சிக்காரருக்கு! கட்சிக்காரர் என்றதும் தோழர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம், வழக்காடுபவரைச் சொல்கிறோம்.

கிணத்துக்கடவுச் சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிவரும் விவசாயி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புரோநோட்டின் பேரில் 80,000 ரூபாய் கடன் கொடுத்தார், திரும்பவில்லை. கெடு மூன்றாண்டு. வக்கீலின் பீரோவிலே நோட்டு தூங்கிற்று, கெடு ஓடிற்று. மேல்முறையீடு என்றால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். அசல் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை. போனது போனதுதான்!

வக்கீல்மீது வழக்குப் போடலாமா? போடலாம். வக்கீல் என்ற ஒரே காரணத்தால், அலட்சியத்தால் விளைந்த நட்டத்திலிருந்து எவரும் தப்ப முடியாதென்று 1926-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. ஆனால் மன்றம் என்ன கேட்கும்? "அவர் தூங்கினார், சரி, விழித்திருந்தால் நீ வென்றிருப்பாயா?" ஆக, நடக்காத வழக்கை நடத்திக் காட்ட வேண்டும். கையெழுத்து மெய்யா, பணம் கைமாறியதா, அத்தனையும் மெய்ப்பிக்க வேண்டும். அதோடு தீர்ந்ததா? கடன்காரருக்குக் காணியுண்டா, வீடுண்டா என்றும் காட்ட வேண்டும். ஓட்டாண்டிமீது பெற்ற டிக்ரியில் நட்டமேது என்பார்கள்! இத்தனைக்கும் சான்றான அசல் நோட்டு எங்கே? அதே வக்கீலின் பீரோவில்!

எளிய வழி ஒன்று இருந்தது. 1995-இல் மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது உச்சநீதிமன்றம். வக்கீல்களும் அதில் அடக்கம் என்று 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 மே 14 அன்று உச்சநீதிமன்றம் அக்கதவைச் சாத்திற்று. காரணம்? வக்கீல் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் பணிபுரிபவராம்! கோவை நீதிமன்ற வராந்தாவில் குமாஸ்தாவின் முகம் காணக் கால்கடுக்க நிற்கிறாரே, அவரைக் கேளுங்கள், யார் கட்டுப்பாட்டில் யார் என்று!

பார் கவுன்சில் இருக்கிறதே என்பர். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவு கண்டிக்கும், தொழிலை நிறுத்திவைக்கும், பெயரையும் நீக்கும். விவசாயியின் 80,000 ரூபாயை அது மீட்டுத் தராது.

ஆகவே தோழர்களே, பத்திரம் கொடுக்கும் நாளிலேயே நகல் எடுங்கள். இன்ன தேதியில் இன்ன பத்திரம் பெற்றேன் என்று கையெழுத்து வாங்குங்கள். கெடுநாளை வீட்டுக் காலண்டரில் குறியுங்கள். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தை எழுதித்தர மறுக்கும் வக்கீலிடம் அசல் நோட்டைக் கொடுக்காதீர்கள். அடுத்த வாசல் பாருங்கள்.