இயந்திரம் முன்கூட்டியே பேசுகிறது. கேட்பதற்கு ஆள் உண்டா?

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பகலில் பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாட்டும் தொட்டிகளில் காற்றுப்பட்டு, அதிகாலையில் ரோலருக்குப் போக வேண்டும். அங்கே நசிந்த இலை குறித்த நேரத்தில் ட்ரையருக்குள் சென்றாக வேண்டும். இடையில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால் இலை அளவுக்கு மிஞ்சி நொதித்து, நிறமும் மணமும் கெட்டுவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. ஓர் இரவில் 9,000 கிலோ கொழுந்து வாட்டப்பட்டிருந்தால் அது 2,000 கிலோ தேயிலை. ட்ரையர் நின்றதால் தரம் குறைந்து கொழும்பு ஏலத்தில் கிலோவுக்கு 100 ரூபா விழுந்தாலும் நட்டம் இரண்டு இலட்சம். நின்றதற்குக் காரணமோ பெரும்பாலும் சில ஆயிரம் ரூபா பெறுமதியான ஒரு பெயாரிங். திம்புள்ள, நுவரெலியாப் பகுதிகளில் நல்ல விலை கிடைக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இது நடந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

நம் நாட்டில் இயந்திரப் பராமரிப்பு இரண்டு வகையாகவே நடக்கிறது. ஒன்று, உடைந்த பின் ஓடுவது. மற்றது, நாட்காட்டியைப் பார்த்து நல்ல பாகத்தையும் கழற்றி மாற்றுவது. இரண்டாவது முறை பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1978 இல் அமெரிக்காவின் யுனைட்டட் எயார்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் ஆகிய இருவர் வெளியிட்ட அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 சதவீதமானவற்றுக்கு, ‘இத்தனை மணித்தியாலம் ஓடினால் மாற்றிவிடு’ என்ற விதியால் பயனில்லை. வயதைப் பார்க்காமல் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

இயந்திரத்தின் நிலைமையைப் பார்ப்பதற்கென்றே இன்று கருவிகளும் மென்பொருள்களும் உள்ளன. வாட்டும் தொட்டியின் விசிறியை எடுத்துக்கொள்வோம். அதன் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 தடவை, அதாவது விநாடிக்கு 24 தடவை சுற்றுகிறது. அதிர்வை அளந்து பிரித்துப் பார்க்கும்போது, விநாடிக்கு 24 என்ற இடத்தில் அதிர்வு உயர்ந்திருந்தால் விசிறி இலைகளில் தூசு படிந்து சமநிலை கெட்டிருக்கலாம். 48 இல் உயர்ந்திருந்தால் மோட்டாரும் தண்டும் நேர்கோட்டில் இல்லாதிருக்கலாம். பெயாரிங் தேயத் தொடங்கினால் அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்களில் அடையாளம் தெரியும். 15 கிலோவாற் வரையான மோட்டார்களுக்கு ஐ.எஸ்.ஓ. 10816 வகுத்த அளவுகோலின்படி விநாடிக்கு 1.8 மில்லிமீற்றர் வரை ஏற்கலாம், 4.5 ஐத் தாண்டினால் ஆபத்து. மெதுவாகச் சுற்றும் ரோலருக்கு இந்த அளவை மட்டும் போதாது. அதன் கியர்பெட்டி எண்ணெயையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டவுடன் விலையுயர்ந்த மென்பொருளை வாங்க ஓடுவது தவறு என்பதே எமது கருத்து. மென்பொருள் செய்வது ஒன்றுதான்: இன்றைய அளவைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டு, போக்கைக் காட்டுவது. பழைய அளவே இல்லாத இடத்தில் அது எதை ஒப்பிடும்? பேனா அளவிலான ஓர் அதிர்வுமானி, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி ஆகியவற்றோடு, நின்றால் தொழிற்சாலையே நின்றுவிடக் கூடிய பத்து இயந்திரங்களை வாராவாரம் ஒரே இடத்தில் அளந்து எழுதட்டும். ஆறு மாதம் இது தவறாமல் நடந்தால் மென்பொருளுக்குப் பணம் கட்டலாம். எச்சரிக்கை வந்தும், ‘இன்று கொழுந்து அதிகம், நாளை பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் நிர்வாகத்துக்கு எந்த மென்பொருளும் உதவாது. இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் டீமேக்கருக்கு இருக்க வேண்டும்.

இதில் நமது வர்த்தகர்களுக்கு என்ன இருக்கிறது? ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, கம்பளை நகரங்களில் ஹார்ட்வெயார், பெயாரிங், வீ பெல்ட் விற்போரும் மோட்டார் சுற்றிக் கொடுப்போரும் நம்மவர்களில் உள்ளனர். இந்த வியாபாரத்தில் பெரும் பங்கு அவசர வியாபாரமே. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, எல்லா உதிரிப்பாகங்களையும் வாங்கி அடுக்கி வைக்க முடியாது என்பதைப் பலரும் அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். அடுத்து எந்தப் பாகம் தேவைப்படும் என்று இரண்டு மாதம் முன்பே தெரிந்தால் முடங்கும் முதல் குறையும்.

ஆகவே ஒரு யோசனை. தனித்தனித் தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்படியாகாத கருவியையும் மென்பொருளையும் ஒரு வர்த்தகர், அல்லது இருவர் மூவர் கூட்டாக, வாங்கலாம். பயிற்சி பெற்ற ஓர் இளைஞரை அமர்த்தி, மாதந்தோறும் பத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்று அளந்து அறிக்கை கொடுக்கலாம். அரிசி ஆலை, குளிர் அறை, பேக்கரி எல்லாமே இதற்குள் வரும்.

ஆனால் ஒரு நிபந்தனை. அளப்பவரே பெயாரிங் விற்பவராகவும் இருந்தால், நல்ல பாகத்தையும் கெட்டது என்று சொல்லும் ஆசை வரும். அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதிர்வுமானியும் ஒரு தராசுதான். எனவே சோதனைக்கான கூலியை முன்கூட்டியே பேசித் தனியாகப் பெற வேண்டும். அளவுகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். பாகத்தை எங்கே வாங்குவது என்பதை வாடிக்கையாளரிடமே விட்டுவிட வேண்டும். கழற்றிய பழைய பெயாரிங்கை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் காட்டப்பட்ட வழி. ட்ரையர் நின்ற காலையில் வேலை குறைவது கூலியாளுக்கு; தரம் குறைந்தால் விலை குறைவது கொழுந்து கொடுத்த சிறு தோட்டக்காரருக்கு. அவர்கள் கையில் காசு குறைந்தால் நமது கடைகளிலும் விற்பனை குறையும். ஒரு பெயாரிங்கின் முனகலை உரிய நேரத்தில் கேட்பது, இவர்கள் எல்லோருக்கும் நாம் செய்யும் உதவியாகும்.